இரண்டு வகைச் செல்கள்: ‘இல்லை’ என்ற பட்டியலுக்கு அப்பால்

உயிரியல் படித்த எவரும் இந்த அட்டவணையை ஒருமுறையாவது எழுதியிருப்பார்கள். இடப்பக்கம் புரோகேரியோட்டிக் செல், வலப்பக்கம் யூகேரியோட்டிக் செல். இடப்பக்கத்தில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, எண்டோபிளாச வலை இல்லை, கோல்கை உறுப்பு இல்லை, செல் சட்டகம் இல்லை. வலப்பக்கத்தில் இவை எல்லாம் உண்டு. அளவில் முன்னது சிறிது, பின்னது பெரிது. ரைபோசோம் முன்னதில் 70 எஸ், பின்னதில் 80 எஸ். இவ்வளவும் எழுதினால் முழு மதிப்பெண்.

அட்டவணை பெரும்பாலும் சரிதான். பாக்டீரியாவையும் ஆர்க்கியாவையும் ஒரு பக்கத்திலும், அமீபா, ஈஸ்ட், வேப்பமரம், மனிதன் என மற்ற எல்லாவற்றையும் மறுபக்கத்திலும் நிறுத்தும் கோடு, உயிருலகில் உள்ள மிக ஆழமான கோடுகளில் ஒன்று. ஆனால் இடப்பக்கத்தைச் சற்று நிதானித்துப் படித்தால் ஒரு சங்கடம் தெரியும். அது ஏறக்குறைய முழுவதும் ‘இல்லை’களின் பட்டியல். ஒன்றில் இல்லாதவற்றை அடுக்கி, அது இன்னதென்று சொல்லிவிட முடியுமா? 2006ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் நார்மன் பேஸ் இதே கேள்வியை எழுப்பினார். புரோகேரியோட் என்ற வகைப்பாட்டையே கைவிட வேண்டும் என்று வாதிட்டார். சில மாதங்களில் அதே இதழில் வில்லியம் மார்ட்டினும் யூஜின் கூனினும் மறுத்து எழுதினார்கள். ‘உண்டு’ என்று சுட்டிக்காட்டத்தக்க ஓர் அடையாளம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்த அடையாளம் எது, ‘இல்லை’ பட்டியலில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, கோட்டின் இரு பக்கமும் நிற்பவர்களுக்குள் உறவு என்ன என்ற மூன்றையும் தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிவு உருவான விதம்

1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டவை உயிர் போன செல்களின் சுவர்கள் மட்டுமே. பத்தாண்டுகள் கழித்து, டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த வில்லைகளால் நீர்த்துளிக்குள் நெளியும் உயிர்களைக் கண்டார். 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் பாக்டீரியாவும் இடம்பெற்றன. 1831இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியின் செல்களில் உட்கருவை அடையாளம் கண்டார். செல் கோட்பாடு 1838, 1839 ஆண்டுகளில் ஷ்லெய்டன், ஷ்வான் கைகளில் உருப்பெற்றது. உட்கரு தென்படாத நுண்ணுயிர்களுக்கு ஹெக்கல் 1866இல் ‘மொனேரா’ என்று தனி இடம் ஒதுக்கினார்.

அதற்கு மேல் பார்க்க ஒளி நுண்ணோக்கி இடம் தரவில்லை. ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகள் அதில் ஒன்றாகவே தெரியும். ஒரு பாக்டீரியாவின் மொத்த நீளமே 1 அல்லது 2 மைக்ரோமீட்டர் என்றால், அதன் உள்ளமைப்பை அறிய வழி ஏது? 1931இல் நோலும் ரஸ்காவும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினர். போர்ட்டர், கிளாட், ஃபுல்லம் மூவரும் 1945இல் ஒரு முழு விலங்குச் செல்லின் எலக்ட்ரான் படத்தை வெளியிட்டனர். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் செல்லின் உட்புறம் ஒவ்வொன்றாகத் திறந்தது.

பிரெஞ்சு உயிரியலாளர் எடுவார் சாட்டன் 1925லேயே புரோகேரியோட், யூகேரியோட் என்ற இரு பெயர்களையும் எழுதியிருந்தார். ஆனால் அவற்றுக்கு உள்ளடக்கம் கொடுத்தவர்கள் ரோஜர் ஸ்டேனியரும் வான் நீலும்தான். 1962இல் வந்த அவர்களுடைய கட்டுரை பாக்டீரியாவை மூன்று கூறுகளால் வரையறுத்தது. உட்கருவைச் சூழ்ந்த சவ்வு இல்லை, மைட்டாசிஸ் பகுப்பு இல்லை, செல் சுவருக்குத் தனக்கே உரிய வேதிப்பொருள் உண்டு. மூன்றில் இரண்டு ‘இல்லை’. பள்ளிப் பாடநூல்களின் அட்டவணை இங்கிருந்துதான் கிளைத்தது.

ஒரு பாக்டீரியாவின் உள்ளே

நம் குடலில் வாழும் ஈ.கோலையை எடுத்துக்கொள்வோம். உலகில் வேறெந்த உயிரைப் பற்றியும் இவ்வளவு நுணுக்கமாக நமக்குத் தெரியாது. நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர், அகலம் அதில் பாதி. வெளியே ஒரு சவ்வு, உள்ளே பிளாஸ்மா சவ்வு, இரண்டுக்கும் நடுவில் பெப்டிடோகிளைக்கன் என்ற வலைப்பின்னலால் ஆன மெல்லிய சுவர். சர்க்கரைச் சங்கிலிகளைக் குறுகிய பெப்டைடுகள் குறுக்கே பிணைத்து உண்டாக்கிய இந்த வலைதான், உள்ளிருந்து வரும் நீரழுத்தத்தில் செல் வெடித்துவிடாமல் காக்கிறது.

பிளாஸ்மா சவ்வு வெறும் வேலி அல்ல. சுவாசத்துக்கான புரதங்கள் இதில்தான் பதிந்திருக்கின்றன. அவை புரோட்டான்களை வெளியே தள்ளுகின்றன, திரும்பி உள்ளே பாயும் புரோட்டான்களின் விசையால் ஏ.டி.பி. உற்பத்தியாகிறது. அதே புரோட்டான் ஓட்டத்தால்தான் கசையிழையின் அடியில் உள்ள மோட்டாரும் சுழல்கிறது. பாக்டீரியாவின் கசையிழை சாட்டை வீச்சாக வளைவதில்லை, அச்சில் சுற்றுகிறது என்பது 1970களின் தொடக்கத்தில் உறுதியானது. விந்தணுவின் வாலோ நுண்குழல்களால் ஆனது, ஏ.டி.பி.யைச் செலவழித்து வளைந்து அடிப்பது. ‘கசையிழை உண்டு’ என்று அட்டவணையின் இரு பக்கமும் எழுதினாலும், அவை ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இரு கருவிகள்.

ஈ.கோலையின் டி.என்.ஏ. ஒரே வளையம். 46 லட்சம் காரஇணைகள், ஏறத்தாழ 4,300 மரபணுக்கள். வளையத்தை அறுத்து நீட்டினால் 1.6 மில்லிமீட்டர், அதாவது செல்லின் நீளத்தைப் போல் எண்ணூறு மடங்கு. முறுக்கேறியும் புரதங்களால் மடிக்கப்பட்டும் அது செல்லின் நடுவே நியூக்ளியாய்டு என்ற பகுதியில் அடங்கியிருக்கிறது. சுற்றிலும் சவ்வு கிடையாது. இதோடு பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்களும் இருக்கலாம். மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது பெரும்பாலும் இவற்றின் வழியேதான்.

வசதியான ஊடகத்தில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. ஆனால் அதன் டி.என்.ஏ. வளையத்தை முழுதாக இரட்டிப்பாக்க ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். கணக்கு இடிக்கிறதே என்று தோன்றும். 1968இல் கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் இதற்கு விடை கண்டனர். முதல் சுற்று இரட்டிப்பு முடிவதற்கு முன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. அதாவது, மகள் செல் பிறப்பதற்குள் பேத்தி செல்லுக்கான வேலை ஆரம்பமாகிவிடுகிறது. எளிய அமைப்பு என்று நாம் ஒதுக்குகிற ஒன்றின் நிர்வாகத் திறன் இது.

இனி, மார்ட்டினும் கூனினும் சுட்டிய அடையாளத்துக்கு வரலாம். 1970இல் ஆஸ்கர் மில்லரும் சக ஆய்வாளர்களும் ஈ.கோலையை மென்மையாக உடைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். ஒரு டி.என்.ஏ. இழை, அதிலிருந்து பக்கவாட்டில் கிளைத்து வளரும் தூது ஆர்.என்.ஏ. இழைகள், அந்த இழைகள் முடிந்து விடுபடும் முன்பே அவற்றின்மீது வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்கும் ரைபோசோம்கள். படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. தறியில் துணி இறங்க இறங்க, மறுமுனையில் தையற்காரர் சட்டை தைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பானது இது. நடுவே சரிபார்க்கவோ திருத்தவோ இடைவெளி இல்லை. புரோகேரியோட் செல்லுக்கு ‘உண்டு’ என்று சொல்லத்தக்க முதன்மையான பண்பு இதுவே.

அறைகளாகப் பிரிந்த செல்

மனித செல் ஒன்றில் உள்ள டி.என்.ஏ.வின் மொத்த நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். 6 முதல் 10 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உட்கருவுக்குள் அது அடங்கியாக வேண்டும். ஹிஸ்டோன் புரத உருண்டை ஒவ்வொன்றையும் 147 காரஇணைகள் சுற்றிக்கொள்கின்றன. இவ்வாறு கோடிக்கணக்கான சுற்றுகள். உட்கருவைச் சூழ்ந்திருப்பது இரட்டைச் சவ்வு. அதில் ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொரு துளையும் ஏறத்தாழ 30 வகைப் புரதங்களின் பல நூறு படிகளால் கட்டப்பட்ட வாயில். சிறு மூலக்கூறுகள் தடையின்றிப் போய்வரும். பெரிய புரதம் உள்ளே நுழைய வேண்டுமானால் அதற்குரிய அடையாளக் குறியைத் தன் உடலிலேயே தாங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவு காவல் எதற்கு? ஒரு மரபணுவை உதாரணத்துக்கு எடுக்கலாம். தசைகளுக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் மரபணு 20 லட்சம் காரஇணைகளுக்கும் மேல் நீண்டது. அதைப் படியெடுத்து முடிக்கவே ஏறத்தாழ 16 மணி நேரம் பிடிக்கிறது. படியெடுத்த பிறகு அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெட்டி எறியப்பட்டு, 79 துண்டுகள் ஒட்டப்பட்டு, 14,000 எழுத்துகள் கொண்ட தூது ஆர்.என்.ஏ. உருவாகிறது. நீக்கப்படும் இடைப்பகுதிகளான இன்ட்ரான்கள் 1977இல் கண்டறியப்பட்டன. இந்த வெட்டும் ஒட்டும் மெதுவான வேலை. ரைபோசோமோ விரைவானது. வெட்டி முடிக்காத ஆர்.என்.ஏ. ரைபோசோமின் கையில் சிக்கினால் உருப்படாத புரதம்தான் கிடைக்கும். ஆகவே இரண்டு வேலைகளையும் வேறு வேறு இடங்களில் வைக்க வேண்டிய கட்டாயத்தில்தான் உட்கருச் சவ்வு தோன்றியது என்பது மார்ட்டின், கூனின் முன்வைத்த கருதுகோள். உட்கரு டி.என்.ஏ.வைப் பாதுகாக்கும் பெட்டி என்று நாம் படித்திருக்கிறோம். எழுதும் இடத்தையும் வாசிக்கும் இடத்தையும் பிரித்துவைப்பதே அதன் பெரிய பணி என்று இந்தப் பார்வை சொல்கிறது.

உட்கருவின் வெளிச்சவ்வு அப்படியே நீண்டு எண்டோபிளாச வலையாகிறது. அங்கிருந்து கோல்கை உறுப்பு, சிறு பைகள், லைசோசோம், பிளாஸ்மா சவ்வு என்று ஒரு போக்குவரத்துத் தடம் செல்கிறது. இந்தத் தடத்தை நிரூபித்த சோதனை அழகானது. ஜார்ஜ் பலாடியும் ஜேம்ஸ் ஜேமிசனும் 1960களில் கினி எலியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க லியூசினை 3 நிமிடம் மட்டும் கொடுத்தார்கள். பிறகு சாதாரண லியூசினுக்கு மாற்றினார்கள். கதிரியக்கப் புள்ளிகள் முதலில் சொரசொரப்பான எண்டோபிளாச வலையில் தெரிந்தன. சற்று நேரத்தில் கோல்கைப் பகுதிக்கு நகர்ந்தன. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் நொதி நிரம்பிய துகள்களில் குவிந்தன. அசையாத படங்களை வைத்தே செல்லின் உள் போக்குவரத்தை நேரக் கணக்கோடு காட்டிவிட்டார்கள். பலாடி 1974இல் கிளாட், டி டூவ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவற்றோடு ஆக்டின் இழைகள், நுண்குழல்கள், இடைநிலை இழைகள் கொண்ட செல் சட்டகமும், ஏ.டி.பி. தரும் மைட்டோகாண்ட்ரியாவும், தாவரங்களிலும் பாசிகளிலும் பசுங்கணிகமும் சேர்ந்தால் யூகேரியோட் செல்லின் பொதுப்படம் கிடைத்துவிடும். தாவரச் செல்லின் சுவர் செல்லுலோஸால் ஆனது, பூஞ்சையின் சுவரில் கைட்டின் உண்டு, விலங்குச் செல்லுக்குச் சுவரே இல்லை.

தளர்ந்துபோன ‘இல்லை’கள்

இனி இடப்பக்கத்தை ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

பாக்டீரியாவில் செல் சட்டகம் இல்லை என்று நெடுங்காலம் எழுதினார்கள். 1991இல், பிரியும் ஈ.கோலையின் நடுவில் எஃப்.டி.எஸ்.இசட். என்ற புரதம் வளையமாக அமர்வதை பீயும் லுட்கென்ஹாஸும் கண்டார்கள். நமது நுண்குழல்களை ஆக்கும் டியூபுலினின் உறவுப் புரதம் அது. 2001இல், கோல் வடிவ பாக்டீரியாக்களில் ஆக்டினின் உறவான எம்.ஆர்.இ.பி. இழைகள் தெரியவந்தன. சட்டகம் பாக்டீரியாவிலும் உண்டு.

உள்ளறைகள் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. சயனோபாக்டீரியாவில் ஒளிச்சேர்க்கைக்கான தைலகாய்டு சவ்வு அடுக்குகளும், கார்பனை நிலைநிறுத்தும் கார்பாக்சிசோம் என்ற புரத உறைகளும் இருக்கின்றன. காந்தப் பாக்டீரியாக்களுக்குள் சவ்வு சூழ்ந்த இரும்புத் தாதுத் துகள்கள் வரிசையாக நிற்கின்றன. பிளாங்க்டோமைசீட் தொகுதியைச் சேர்ந்த ஜெம்மேட்டா என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சவ்வு சூழ்ந்திருப்பதாக 1991இல் செய்தி வந்தபோது பெரும் பரபரப்பு. 2013இல் முப்பரிமாணப் படம் எடுத்துப் பார்த்ததில், அது மூடிய அறை அல்ல, உள்நோக்கி மடிந்த சவ்வுதான் என்று தெரிந்தது. ஒரு விதிவிலக்கு வந்து, சரிபார்க்கப்பட்டு, விலகியதற்கு இது நல்ல சான்று. அதே தொகுதியைச் சேர்ந்த இன்னொரு பாக்டீரியா பிற செல்களை விழுங்குகிறது என்று 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். விழுங்குதல் யூகேரியோட்டுக்கு மட்டுமே உரியது என்ற நம்பிக்கையும் அதோடு ஆட்டம் கண்டது.

அளவு? நமீபியக் கடலடிச் சேற்றில் 1999இல் அறிவிக்கப்பட்ட தியோமார்கரிட்டா நமீபியென்சிஸ் 0.75 மில்லிமீட்டர் வரை வளரும், வெறுங்கண்ணுக்கே தெரியும். 2022இல் கரீபியக் கடலின் குவாதலூப் தீவு அலையாத்திச் சேற்றிலிருந்து அறிவிக்கப்பட்ட தியோமார்கரிட்டா மேக்னிஃபிகாவின் நீளம் சராசரியாக ஒரு சென்டிமீட்டரை ஒட்டியது. அதன் டி.என்.ஏ.வும் ரைபோசோம்களும் சவ்வு சூழ்ந்த சிறு பைகளில் ஆயிரக்கணக்கில் பரவியிருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில், பிரான்ஸின் தோ கடற்கழியில் 1994இல் கண்டெடுத்த ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற பாசி 1 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. அந்தச் சிற்றுடலுக்குள் ஓர் உட்கரு, ஒரு பசுங்கணிகம், ஒரு மைட்டோகாண்ட்ரியம், ஒரு கோல்கை உறுப்பு என எல்லாம் அடக்கம். அளவை வைத்து ஒரு செல் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் பெரிய பாக்டீரியா எப்படிப் பெரிதானது என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. நமீபிய இனத்தின் உடலில் பெரும்பகுதி நைட்ரேட் நீர் தேக்கிய வாக்குவோல் என்ற பை. உயிர்ச்செயல் நடக்கும் சைட்டோபிளாசம் அதன் ஓரத்தில் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்குள் ஒட்டிக்கிடக்கிறது. பொருள்கள் தாமாகப் பரவிச் சென்றடையும் தூரத்தை அது மீறவில்லை. யூகேரியோட்டோ அந்தத் தூரத்தைத் தனது போக்குவரத்துத் தடங்களால் வென்றது.

வலப்பக்கத்திலும் ஓட்டை உண்டு. 2016இல், மோனோசெர்கோமோனாய்டஸ் என்ற ஒற்றைச் செல் உயிரில் மைட்டோகாண்ட்ரியாவின் தடயமே இல்லை என்று நிறுவப்பட்டது. அதன் முன்னோருக்கு இருந்து, பின்னர் தொலைந்தது. நமது சிவப்பணுவும் முதிரும்போது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறது. அதனால் அது பாக்டீரியாவாகிவிடவில்லை. இருப்பதையும் இல்லாததையும் எண்ணுவதைவிட, எந்த வழியில் வந்தது என்று கேட்பதே பொருத்தம்.

படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும் கைகோத்து நடக்கும் என்ற அந்த முதன்மை அடையாளமும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் படியெடுக்கும் நொதி ரைபோசோமை விட்டு வெகுதூரம் முந்தி ஓடிவிடுகிறது என்று 2020இல் ‘நேச்சர்’ கட்டுரை ஒன்று காட்டியது. ஆனாலும் இரண்டும் ஒரே வெளியில், நடுவே சுவரில்லாமல் நடக்கின்றன என்பது மாறவில்லை.

மூன்றாவது தரப்பு

1977இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டபோது, மீத்தேன் உண்டாக்கும் சில ‘பாக்டீரியா’க்கள் பாக்டீரியாவோடு சேரவே மறுத்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. மூலக்கூறு மட்டத்தில் அவை தனி வம்சம். இன்று ஆர்க்கியா என்று அழைக்கப்படும் இவற்றுக்குப் பெப்டிடோகிளைக்கன் சுவர் இல்லை. சவ்வின் கொழுப்புகள் எஸ்டர் பிணைப்புக்குப் பதிலாக ஈதர் பிணைப்பால் ஆனவை. படியெடுக்கும் நொதி நம்முடையதை ஒத்தது. பல இனங்களில் ஹிஸ்டோனும் உண்டு. உப்பளப் பாத்திகளின் அடர்ந்த நீரை இளஞ்சிவப்பாக்குவதில் இவற்றுக்கும் பங்குண்டு. 1990இல் வோஸ், காண்ட்லர், வீலிஸ் மூவரும் உயிருலகை பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்ற மூன்று பெரும்பிரிவுகளாக்கினர்.

இதன் விளைவு கடுமையானது. தகவலைக் கையாளும் கருவிகளைப் பொறுத்தவரை ஆர்க்கியா, பாக்டீரியாவைவிட நமக்கே நெருக்கம். அப்படியானால் பாக்டீரியாவையும் ஆர்க்கியாவையும் ஒரே பெயரின்கீழ் அடைப்பது உறவின்படி அல்ல, தோற்றத்தின்படிதான். பேஸ் கிளப்பிய எதிர்ப்பின் வேர் இது.

இணைப்பில் பிறந்த செல்

மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்ற கருத்தை ரஷ்யரான மெரஷ்கோவ்ஸ்கி 1905இல் பசுங்கணிகத்துக்கும், அமெரிக்கரான வாலின் 1920களில் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொன்னார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. 1960களின் தொடக்கத்தில் இவ்விரு நுண்ணுறுப்புகளுக்குள்ளும் டி.என்.ஏ. இருப்பது தெரிந்தது. லின் மார்குலிஸ் பல இதழ்களால் திருப்பி அனுப்பப்பட்ட தமது கட்டுரையை 1967இல் ஒருவழியாக வெளியிட்டார். அவர் முன்வைத்த உள்வாழ் கூட்டுயிர்க் கொள்கையின் இரு தூண்கள் இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. மைட்டோகாண்ட்ரியா ஆல்பாபுரோட்டியோபாக்டீரியா வழி வந்தது. பசுங்கணிகம் சயனோபாக்டீரியா வழி வந்தது. கசையிழையும் அவ்வாறே வந்தது என்ற அவரது மூன்றாவது கருத்து நிலைக்கவில்லை.

சான்றுகள் செல்லின் அமைப்பிலேயே இருக்கின்றன. இரண்டு சவ்வுகள், வளைய டி.என்.ஏ., பாக்டீரியா மருந்துகளுக்கு அடங்கும் ரைபோசோம், தானே பிரிந்து பெருகும் இயல்பு. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் 16,569 காரஇணைகளும் 37 மரபணுக்களும் மட்டுமே உள்ளன. மற்றவை காலப்போக்கில் தொலைந்தன அல்லது உட்கருவுக்கு இடம்பெயர்ந்தன. பாக்டீரியாவின் பிளாஸ்மா சவ்வில் நடந்த புரோட்டான் வேலை இங்கே உட்சவ்வின் மடிப்புகளில் நடக்கிறது.

விருந்தாளியைத் தெரிந்துகொண்டோம், வீட்டுக்காரர் யார்? கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட கடலில், ‘லோகியின் கோட்டை’ என்ற வெந்நீர் ஊற்றை அடுத்த சேற்றில் கிடைத்த டி.என்.ஏ.விலிருந்து 2015இல் லோகிஆர்க்கியா அறியப்பட்டது. ஆக்டினையும், சவ்வுப் பைகளின் போக்குவரத்தை நடத்தும் பல புரதங்களையும் ஒத்த மரபணுக்கள் அதில் இருந்தன. ஆஸ்கார்டு என்ற பெருங்குழுவில் அது முதலாவது. ஆனால் செல்லை யாரும் பார்த்திருக்கவில்லை. ஜப்பானின் நான்காய் பள்ளத்தில் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த சேற்றை, ஹிரோயுகி இமாச்சியின் குழு மீத்தேன் செலுத்திய கலனில் வைத்துப் பல ஆண்டுகள் வளர்த்தது. 12 ஆண்டு உழைப்புக்குப் பின் 2020இல் முதல் ஆஸ்கார்டு ஆர்க்கியாவின் படம் வெளியானது. அரை மைக்ரோமீட்டர் உருண்டை. இரட்டிப்பாக 14 முதல் 25 நாள். உள்ளே நுண்ணுறுப்பு எதுவும் இல்லை. ஆனால் உடலிலிருந்து கிளைவிடும் நீண்ட கைகள். தனித்து வாழ அதற்கு முடியாது, துணை நுண்ணுயிர் வேண்டும். பக்கத்தில் வாழ்ந்த பாக்டீரியாவை அத்தகைய கைகள் அணைத்து, நாளடைவில் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அக்குழுவின் விளக்கம்.

மைட்டோகாண்ட்ரியா கிடைத்ததால்தான் ஆற்றல் பெருகி, சிக்கலான செல் சாத்தியமானது என்று நிக் லேனும் மார்ட்டினும் 2010இல் வாதிட்டனர். செல்லின் கனஅளவுக்கு ஏற்றபடியே ஆற்றல் செலவு அமைகிறது, அப்படியொரு திடீர்ப் பாய்ச்சல் கணக்கில் தெரியவில்லை என்று மைக்கேல் லிஞ்சும் மரினோவும் பின்னர் மறுத்தனர். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இத்தகைய இணைப்பு பழங்கதை மட்டுமல்ல என்பதற்கும் சான்று வந்துவிட்டது. ஒரு கடற்பாசிக்குள் வாழும் நைட்ரஜனை நிலைநிறுத்தும் சயனோபாக்டீரியம், இப்போது பாசியின் நுண்ணுறுப்பாகவே மாறியிருக்கிறது என்று 2024இல் ‘சயின்ஸ்’ இதழ் அறிவித்தது.

மருந்தில் தெரியும் வேறுபாடு

இந்த வேறுபாட்டின் நடைமுறைப் பயனை மருந்துச் சீட்டிலேயே காணலாம். பெனிசிலின் பெப்டிடோகிளைக்கன் பிணைப்பைத் தடுக்கிறது. நமது செல்லில் அந்தச் சுவரே இல்லாததால் நமக்குப் பாதிப்பு இல்லை. சுவரற்ற மைக்கோபிளாஸ்மாவிடம் அதே பெனிசிலின் பலிப்பதில்லை. டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின் மூன்றும் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்குகின்றன. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவின் 30 எஸ் ரைபோசோம் துணையலகின் அணு அமைப்பை 2000இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்டார். ஸ்ட்ரெப்டோமைசின் எந்த இடுக்கில் போய் ஒட்டுகிறது என்பது அதில் துல்லியமாகத் தெரிந்தது. 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஸ்டைட்ஸ், யோனாத், ராமகிருஷ்ணன் மூவருக்கும் கிடைத்தது.

நமக்குள்ளும் பாக்டீரியாவின் வழித்தோன்றல் இருப்பதால், இந்த மருந்துகள் சில வேளை நம்மையும் தொடும். மருந்துகளை எதிர்க்கும் காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் ஓரளவு தடுப்பதால், இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் பக்கவிளைவுகளாக வருகின்றன. சில குடும்பங்களில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 1555ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த மாற்றம் அவர்களுடைய ரைபோசோமைப் பாக்டீரியாவினுடையதற்கு இன்னும் நெருக்கமாக்கிவிடுகிறது. அவர்களுக்கு ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்து தந்தால் செவித்திறன் போய்விடலாம். மலேரியா ஒட்டுண்ணியோ யூகேரியோட். ஆனால் பழைய பாசியிடமிருந்து வந்த, பச்சையம் இழந்த கணிகம் ஒன்று அதற்குள் இருப்பதால், பாக்டீரியா மருந்தான டாக்சிசைக்ளின் அதன்மீதும் வேலை செய்கிறது. பூஞ்சை நோய்க்கு நல்ல மருந்துகள் குறைவாக இருப்பதற்கும் காரணம் இதே உறவுதான். பூஞ்சையும் நாமும் கோட்டின் ஒரே பக்கம் நிற்பவர்கள்.

முடிவாக

பாகங்களின் பட்டியலாகப் பார்த்தால் இவ்விரு செல்களுக்கும் இடையிலான கோடு பல இடங்களில் அழிந்துவிட்டது. சட்டகம், உள்ளறை, அளவு, விழுங்கும் திறன் எதுவும் இனி ஒரு தரப்பின் தனிச்சொத்து அல்ல. அசையாமல் நிற்பவை இரண்டு. ஒன்று, மரபுச் செய்தியை எழுதுவதும் வாசிப்பதும் ஒரே வெளியில் நடக்கின்றனவா, சவ்வால் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்பது. மற்றொன்று, ஓர் ஆர்க்கியாவும் ஒரு பாக்டீரியாவும் இணைந்த வரலாறு அந்தச் செல்லுக்கு உண்டா இல்லையா என்பது. மாணவர்களுக்கு இவ்விரண்டையும் முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு பாகங்களை அடுக்கலாம். புரோகேரியோட் என்பது ஒரு கட்டமைப்பின் பெயர், அதற்குள் இரண்டு பெரும் வம்சங்கள் இருக்கின்றன. யூகேரியோட் என்பது ஒரே வம்சத்தின் பெயர், அந்த வம்சம் அவ்விரண்டும் சேர்ந்ததில் பிறந்தது. ஆகவே ஒன்றைத் தாழ்ந்த படியாகவும் மற்றொன்றை உயர்ந்த படியாகவும் வைத்துப் படிப்பதற்கு இன்றைய அறிவியலில் ஆதாரம் இல்லை.